மாணவர் கூடாரம் நிறைவது எவ்வாறு?

முரசுமோட்டை என்னும் ஊர்ப்பெயரின் முற்பாதியிலே முரசு இருக்கின்றது. பிற்பாதியாகிய மோட்டை என்பது வன்னியில் சிறு நீர்நிலைக்கு வழங்கும் பெயர். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிக் கிழக்கே செல்லும் வீதியில், இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்களின் நடுவே அவ்வூர் அமைந்துள்ளது. கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரிவைச் சேர்ந்த அவ்வூரில் உழவே பெருந்தொழில். முருகானந்தா கல்லூரி ஊரின் கல்விக்கூடம். இலங்கையில் கல்லூரி என்று வழங்கப்படுவது பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்புகளைக் கொண்ட பாடசாலையே என்பதை நேயர்கள் அறிவர். அத்தகைய கல்லூரி ஒன்றிலே ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுவதையும் மைதானத்துக்கு அழைக்கும் விழா, இல்ல மெய்வல்லுநர் போட்டி.

மாணவர் யாவரும் இல்லங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பர். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு நிறம் உண்டு, மைதானத்தின் ஓரத்தில் ஒரு கூடாரமும் உண்டு. விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னரே தடிகள் நடப்படும். கிடுகும் தென்னங்குருத்தும் வண்ணத்தாள்களும் வந்து சேரும். விழாவன்று அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, ஓட்டம், பாய்தல், எறிதல், கயிறிழுத்தல் என நிகழ்ச்சிகள் வரிசையாக நடைபெறும். ஆயினும் ஒரு கல்லூரியின் மாணவர் அனைவரும் ஓடுவதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இல்லத்துக்கு ஓரிருவரே தெரிவு செய்யப்படுவர். ஏனையோர் யாவரும் கூடாரத்தில் இருப்பவர்கள். எண்ணிப்பார்த்தால் விளையாட்டு விழா என்பது ஓடுவோரைக் காட்டிலும் ஓடாதோரையே மிகுதியாகக் கொண்ட விழா.

அந்த ஓடாதோர் வருகிறார்களா, வந்தால் இறுதிவரை இருக்கிறார்களா என்பது பல கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழும் கவலை. காலையில் அணிநடையின்போது நிறைந்திருந்த கூடாரம் வெயில் ஏறியதும் மெலியத் தொடங்கும். பிற்பகலில் அஞ்சலோட்டம் நடைபெறும் நேரத்தில், அலங்காரம் அப்படியே இருக்க, உள்ளே ஆட்கள் சிலரே இருப்பர். ஆண்டு முழுவதும் பயின்ற ஒரு சிறுமி இறுதிக் கோட்டைத் தாண்டித் தன் இல்லத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே வெறும் வாங்குகள் கிடக்கின்றன. இது சிறிய குறைதானே என்று கழித்துவிடலாகுமா?

பார்ப்போர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஆடுவோரின் ஆற்றலை மாற்றுமா என்பது அறிவியலாரும் ஆராய்ந்த வினாவாகும். 1898ஆம் ஆண்டில் நோர்மன் திரிப்பிளெற் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் சைக்கிளோட்டப் பந்தயக் குறிப்புகளை ஆராய்ந்தார். தனித்து ஓடியவர்களைவிடப் பிறரோடு சேர்ந்து ஓடியவர்கள் விரைவாக ஓடியிருந்ததைக் கண்டார். பின்னர் 40 சிறுவர்களைக் கொண்டு, தூண்டில் நூல் சுற்றும் உருளையைத் தனித்தும் போட்டியாகவும் சுழற்றச் செய்தார். போட்டியில் பலர் விரைந்தனர். சிலருக்கு மாற்றம் ஏற்படவில்லை. வேறு சிலரோ பதற்றத்தால் தம் இயல்பான வேகத்தையும் இழந்தனர்.

இந்த வேறுபாட்டுக்குரிய விளக்கத்தை 1965இல் ரொபேட் சயன்ஸ் என்னும் அறிஞர் கூறினார். நன்கு பழகிய செயலைப் பிறர் முன்னிலை மேலும் கூர்மையாக்கும். பழகாத செயலை அதே முன்னிலை தடுமாறச் செய்யும் என்பது அவர் கருத்து. 1969இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் இதனைக் கரப்பான்பூச்சிகளிடத்தும் சோதித்தனர். வேறு கரப்பான்பூச்சிகள் அருகிருந்து பார்க்க, நேரான பாதையில் ஓடிய பூச்சி முன்னினும் விரைவாக ஓடியது. திருப்பம் உள்ள பாதையில் விடப்பட்டபோதோ தாமதித்தது. மைதானத்துக்கு இதனால் பெறப்படும் பாடம் தெளிவானது. கூடாரத்தின் ஆரவாரம் பயிற்சிக்கு ஈடாகாது. ஆனால் பயிற்சி பெற்றவனிடத்தில் அது பயிற்சியின் முழுப்பயனையும் வெளிக்கொணரும்.

அண்மைக் காலத்தில் உலகமே இதற்கொரு சோதனைக்கூடமாயிற்று. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, ஜேர்மனியின் உதைபந்தாட்டப் போட்டிகள் மே மாதத்தில் பார்வையாளர் இல்லாமலே மீண்டும் தொடங்கின. பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. அவ்வாட்டங்களை ஆராய்ந்தவர்கள், சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு வழக்கமாக இருந்துவந்த வாய்ப்புக் குறைந்ததைக் கண்டனர். விருந்தினராக வந்த அணிக்கு எதிராக நடுவர்கள் காட்டும் எச்சரிக்கை அட்டைகளும் குறைந்தன. பார்வையாளரின் குரல் ஆட்டக்காரரின் காலை மட்டுமன்றி நடுவரின் கையையும் தொட்டுவந்தது என்பது அப்போது புலனாயிற்று.

இனி, மாணவர் இருக்கைகள் நிறைந்து வழியும் இடங்களில் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காண்போர்க்கு யாழ்ப்பாணமே முதற் சான்றாக நிற்கும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சுண்டிக்குளி சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி, இன்று ‘வடக்கின் பெரும் சமர்’ என்று வழங்கப்படுகின்றது. போர் நிகழ்ந்த காலத்திலே சில ஆண்டுகள் தடைப்பட்டும், அது நூறு ஆட்டங்களைக் கடந்து வாழ்கின்றது. அவ்வாட்டம் நடைபெறும் நாட்களில் மாணவர் கூட்டம் கொடிகளோடு மைதானத்தை அடையும். பித்தளை ஊதுகருவிகளும் மேளங்களும் சேர்ந்த பப்பரே இசை இடைவிடாது ஒலிக்கும். கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் பழைய மாணவர் அந்நாட்களுக்கென்றே ஊர் திரும்புவதுண்டு. கொழும்பிலே றோயல் கல்லூரிக்கும் கல்கிசை சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான ஆட்டம் இதனினும் மூத்தது. 1879இல் ஆசிரியரும் கலந்து ஆடிய அவ்வாட்டம், 1880 முதல் மாணவர் மட்டுமே ஆடுவதாயிற்று.

இவ்வாட்டங்களுக்கு மாணவரைத் திரட்ட எவரும் வீடுவீடாகச் செல்வதில்லை. அதற்குக் காரணங்கள் உள. ஆட்டம் ஆண்டின் அறியப்பட்ட பருவத்தில் வருகின்றது. ஆதலால் அது நாட்காட்டியின் ஓர் அங்கமாகிவிட்டது. எதிரணி ஆண்டுதோறும் ஒன்றே. ஆதலால் சென்ற ஆண்டின் கதை இவ்வாண்டும் தொடர்கின்றது. தந்தை நின்ற இடத்திலே மகன் நிற்கின்றான். ஆதலால் அங்கே செல்வது ஒரு பொழுதுபோக்காக மட்டும் இராமல் குடும்ப வழக்கமாகவும் நிலைத்துவிட்டது. யாவற்றினும் மேலாக, அங்கே செல்லும் மாணவனுக்குச் செய்வதற்கு வேலை இருக்கின்றது. ஒருவன் கொடி பிடிக்கின்றான்; ஒருவன் மேளம் அடிக்கின்றான்; ஒருவன் முதலடி பாட, ஏனையோர் மறுமொழி பாடுகின்றனர். வாளாவிருந்து பார்க்கும் மாணவன் அங்கே அரியவன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வரலாறும் இதையே கூறும். 1898ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மினெசோற்றாப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணி தொடர்தோல்விகளால் சோர்ந்திருந்த வேளையில், ஜோனி காம்பெல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன்னே வந்து நின்று அனைவரையும் ஒரே குரலாக முழங்கச் செய்தார். அணி அன்று வென்றது. ஆரவாரத்தை வழிநடத்தும் முறை அந்நாட்டில் அவரிலிருந்து தொடங்கியது என்பர். திரிப்பிளெற் தம் ஆய்வை வெளியிட்ட ஆண்டும் அதுவே என்பது இனிய பொருத்தம்.

டெக்சாசு மாநிலத்து வேளாண்மைக் கல்லூரி ஒன்றின் கதை இன்னும் கருத்துடையது. 1922ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி நடைபெற்ற உதைபந்தாட்டத்தில் அக்கல்லூரியின் ஆட்டக்காரர் பலர் காயமுற்றனர். மாற்றாட்டக்காரர் குறைந்துபோகவே, பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்னும் மாணவரைப் பயிற்சியாளர் அழைத்தார். அவர் காயமுற்றவர் ஒருவரின் உடையை அணிந்து, ஆட்டம் முடியும்வரை எல்லைக்கோட்டருகே ஆயத்தமாக நின்றார். களத்தில் இறங்க வேண்டிய தேவை ஏற்படவில்லை, அணி வென்றது. இன்று பெரிய பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள அந்நிறுவனத்தின் மாணவர், ஆட்டம் முழுவதும் அமராமல் நின்றுகொண்டே பார்க்கின்றனர். பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் பன்னிரண்டாமவர் தாமே என்பது அவர்கள் கொள்கை. அழைத்தால் வருவோம் என்பதே அவர்கள் நிற்பதன் பொருள்.

வட கரோலைனாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்தாட்டத்துக்கென 1940இல் திறக்கப்பட்ட உள்ளரங்கு பெரியதன்று. அதில் 9,314 பேரே இருக்கலாம். ஆயினும் களத்தை ஒட்டிய இருக்கைகள் மாணவருக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. பெருமுகாமையான ஆட்டத்துக்கு இடம் பெறுவதற்காக 1986 முதல் மாணவர் அரங்கின் வெளியே கூடாரமடித்துப் பல நாட்கள் தங்கும் வழக்கம் உண்டாயிற்று. நல்ல இடத்தைச் செல்வர்க்கும் விருந்தினர்க்கும் கொடுத்துவிட்டு மாணவரைக் கடைசி மூலைக்கு அனுப்பும் நிர்வாகங்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது. வெயில் எறிக்கும் திசையில், களத்திலிருந்து தொலைவில், மரநிழலும் இல்லாத இடத்தில் கூடாரத்தை நிறுத்திவிட்டு மாணவர் வரவில்லை என்று வருந்துவதில் பயன் யாது?

நூற்றிருபது ஆண்டு மரபுடைய யாழ்ப்பாணக் கல்லூரிகளின் வழியை முரசுமோட்டை போன்ற ஊரிலே அப்படியே எடுத்தாள முடியுமா என்று கேட்கலாம். முடியாது என்பதற்குக் காரணங்கள் பல. முதலாவது, பருவம். மெய்வல்லுநர் போட்டிகள் வழக்கமாக ஆண்டின் முற்பகுதியில் நடைபெறுவன. இரணைமடுவின் கீழுள்ள வயல்களில் காலபோக நெல் அறுவடைக்கு வருவதும் அக்காலமே. மழை வருமுன் கதிரை வீடு சேர்க்க வேண்டிய குடும்பத்தில், வெட்டும் இயந்திரம் வரும் நாளில் பிள்ளையும் களத்துமேட்டில் வேண்டப்படுகின்றான். இரண்டாவது, தொலைவு. முதன்மை வீதியிலிருந்து உள்ளே நெடுந்தூரம் செல்ல வேண்டிய குடியிருப்புகளில் வாழும் பிள்ளைகள் மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் இருளில் நடக்க வேண்டும். பெண்பிள்ளைகளைப் பெற்றோர் நேரத்தோடு அழைத்துச் செல்வதைக் குறையாகக் கூறவியலாது. மூன்றாவது, வெயிலும் தாகமும்.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்த போரில் அப்பகுதி மக்கள் ஊரை விட்டுக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபோது வன்னி மக்களிற் பெருந்தொகையினர் வவுனியா செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தனர். பின்னரே படிப்படியாக மீள்குடியேற்றம் நிகழ்ந்தது. அந்த ஆண்டுகளை ஒட்டிப் பிறந்தவர்களே இன்று மேல்வகுப்புகளைக் கடந்துகொண்டிருப்பவர்கள். ஒரு கல்லூரியின் ஆரவாரப் பாடல் எழுதிவைத்துக் காப்பாற்றப்படுவதன்று. மூத்த மாணவனின் வாயிலிருந்து இளைய மாணவனின் காதுக்கு இறங்குவது. ஊர் கலைந்து மீண்ட இடங்களில் அந்தச் சங்கிலியும் அறுந்து, மீண்டும் முடியப்பட வேண்டியதாயிற்று. இடிந்த வகுப்பறையைக் கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிவிடலாம். ஒரே குரலில் ஒரு பெயரைச் சொல்லி அழைக்கும் கூட்டத்தை அவ்வாறு கட்டவியலாது. ஆகவே இத்தகைய ஊரில் மாணவர் கூடாரம் நிறைவது விளையாட்டுச் செய்தி மாத்திரமன்று. ஊர் மீண்டும் ஊராயிற்று என்பதன் அடையாளமுமாகும்.

ஆனால் மரபு இல்லாமை தடையாகாது என்பதற்கு மினெசோற்றாவே சான்று. அங்கும் ஒருவர் எழுந்து நின்ற ஒரு நாளிலிருந்துதான் மரபு தொடங்கிற்று. செய்ய வேண்டியவை பெரும் பொருட்செலவு உடையனவுமல்ல.

விழாவின் திகதியை அறுவடையும் நீர்திறப்பும் அறிந்தோரோடு, அதாவது கமக்காரர் அமைப்புகளோடும் பெற்றோரோடும் கலந்து குறித்தல் முதற் கடமை. அத்திகதியை இயன்றவரை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வைத்தல் இரண்டாவது. கூடாரங்களை ஓட்டப்பாதையின் இறுதிக் கோட்டருகே, பிற்பகல் வெயில் முதுகுப்புறம் விழுமாறு அமைத்தலும், ஒவ்வொன்றிலும் குடிநீர் வைத்தலும் அடுத்தவை. அஞ்சலோட்டம் முதலிய உயிர்நிகழ்ச்சிகளை மாலைப் பேருந்துக்கு முன்னதாக முடித்துவிடுதல் வேண்டும். விருந்தினர் உரைகள் நீளுமானால் குறைக்கப்பட வேண்டியவை உரைகளேயன்றி ஓட்டங்கள் அல்ல.

இவையாவும் வரத் தடையாயிருப்பதை நீக்குவன. வந்தவரை இருக்கச் செய்வது வேறு. அதற்கு ஒவ்வொரு மாணவனுக்கும் கூடாரத்தில் ஒரு தொழில் வேண்டும். இல்ல அலங்காரத்தில் பலர் ஈடுபடுவது போலவே, விழா நேரத்திலும் பணிகளைப் பகிர்ந்தளிக்கலாம். புள்ளிகளைக் கணித்துப் பலகையில் எழுதுவோர் இருவர், ஓடிக் களைத்தவர்க்கு நீர் கொடுப்போர் நால்வர், கொடியசைப்போர் சிலர், பாடல் எடுத்துக்கொடுப்போர் ஓரிருவர். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளின் சிறுவரை முன்வரிசையில் அமர்த்தினால், அவர்களுடைய குரல் பெரியோரின் கூச்சத்தைத் தானே போக்கும். மேளம் அடிக்கத் தெரிந்த பிள்ளை ஊருக்கு ஒருவனாவது இருப்பான். கோயில் திருவிழாவில் பயன்படும் அவன் கைத்திறன் மைதானத்திலும் பயன்படட்டும். ஓட்டத்துக்குத் தெரிவாகாதவன், தான் வேண்டப்படாதவன் என்று எண்ணிக்கொண்டு வீட்டிலிருக்கின்றான். அவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தால், அவன் தன் தோழர் மூவரையும் கூட்டிக்கொண்டு வருவான்.

வரவு இடாப்பைக் கொண்டு கூடாரத்தை நிறைத்துவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். பெயர் கூப்பிட்டு இருத்தினால் வாங்குகள் நிறையும், குரல் எழாது. தண்டனைக்கு அஞ்சி அமர்ந்திருக்கும் பிள்ளை மணிக்கூட்டைப் பார்ப்பானேயன்றி ஓட்டத்தைப் பார்க்கமாட்டான். நிறைந்த கூடாரம் வேறு, நிரப்பப்பட்ட கூடாரம் வேறு.

நிறைந்தபின் எழும் அபாயமும் ஒன்று உண்டு. பெரும் போட்டிகளின் புகழோடு அவற்றின் இழுக்குகளும் சேர்ந்தே வளர்ந்துள்ளன. வீதியில் செல்வோரிடம் தொப்பியை நீட்டிப் பணம் கேட்டல், பிற பாடசாலைகளின் மதிலேறிக் குதித்தல், ஆட்டம் முடிந்தபின் கைகலப்பில் இறங்குதல் ஆகியவற்றைத் தடுக்கக் கல்லூரி அதிபர்களும் பொலிசாரும் பலமுறை எச்சரிக்க நேர்ந்ததுண்டு. எதிரணியின் ஆட்டக்காரன் தவறும்போது சிரிப்பதும், ஒருவனுடைய ஊரையோ உருவத்தையோ சொல்லி இகழ்வதும் ஆரவாரம் ஆகா. அயல் கல்லூரியிலிருந்து வரும் அணி விருந்தினர் என்பதை மறவாத கூடாரமே நல்ல கூடாரம். விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற வன்னி மண்ணில் இதனைக் கற்பிப்பது கடினமன்று, நினைவூட்டினால் போதும்.

ஒரு கூடாரத்தின் தரத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. நீண்டதூர ஓட்டத்தில் முதல்வன் வந்து சேர்ந்தபோது எழும் ஒலியை அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை. அவ்வொலி எங்கும் எழும். ஏனையோர் யாவரும் ஓடி முடித்தபின், கடைசியாக ஒரு சிறுவன் தனியே அரைச்சுற்றை ஓடிக்கொண்டிருப்பான். வெற்றிக்கிண்ணத்துக்கு அவனால் ஒரு புள்ளியும் சேரப்போவதில்லை. அவ்வேளையில் அவனுடைய இல்லத்தாரும் பிற இல்லத்தாரும் எழுந்து நின்று, அவன் பெயரைச் சொல்லி அழைத்து, கோட்டைத் தாண்டும்வரை கை தட்டுவார்களாயின், அம்மைதானத்தில் கல்வி நடந்திருக்கின்றது என்று கொள்ளலாம்.

முரசு ஒருகாலத்தில் அரசனின் ஆணையை அறிவித்தது, போருக்கும் அழைத்தது. போரின் ஒலியைப் போதுமளவு கேட்டுவிட்ட மண்ணிலே, வயல்களுக்கு நடுவிலுள்ள ஒரு மைதானத்தின் ஓரத்தில், பிள்ளைகள் அடிக்கும் மேளம் வேறோர் அழைப்பை விடுக்கின்றது. ஓட முடிந்தவன் ஓடட்டும். ஓடாதவன் அருகில் வந்து நிற்கட்டும் என்பதே அவ்வழைப்பு. அதனைக் கேட்டு வருவோர்க்கு நிழலும் நீரும் ஒரு வேலையும் ஆயத்தமாக இருக்குமாயின், கூடாரம் தானே நிறையும்.